நாற்பது சென்டிமீட்டர் குழாய்

சிக்னே ரொட்டித் துண்டின் மேல் பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவி வைத்துக்கொண்டிருந்தபோது ஹென்னிங் வந்து தன் கைபேசியை அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். எதுவும் சொல்லவில்லை. பத்து வருஷமாக அவளுக்கு மேலதிகாரி. பேசாமல் அவன் ஒரு காரியம் செய்து அவள் பார்த்ததில்லை. அதனாலேயே கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள்.

யாரோ காருக்குள் உட்கார்ந்தபடி எடுத்த வீடியோ. முன்கண்ணாடியில் மழை. துடைப்பான் போய்வரும் இடைவெளியில் ஸ்குர்வோக் ஊரின் கூட்டுறவுக் கடை வாசல் தெரிந்தது. நீல வேலைச்சட்டை போட்ட ஒரு மனிதன் வெளியே வந்தான். இரண்டு கைகளிலும் மணிக்கட்டைத் தாண்டி வெள்ளைக் கட்டு. விரல்களால் பிடிக்க முடியாததால் பையை முழங்கை மடிப்பில் மாட்டியிருந்தான். அவனுக்குப் பின்னால் ஒரு கிழவர் வந்தார். வேகம்கூட இல்லை; கடையில் மறந்து வைத்துவிட்டுப் போனதை எடுத்துக் கொடுக்க வருகிறவரைப் போலத்தான் வந்தார். கையில் கார்ச் சக்கரம் கழற்றும் வீல் ஸ்பேனர். முதல் அடி தோளில் விழுந்தது. பை நழுவி, பால் பெட்டிகள் உடைந்து தார்த் தரையில் வெள்ளையாக ஓடின. அந்த மனிதன் திரும்பினான். இரண்டாவது அடி முகத்தில்.

கார்க் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சத்தம் அமுங்கித்தான் கேட்டது. அப்படிக் கேட்டதே அதிகமாக இருந்தது. அவன் கட்டுப் போட்ட கைகளை முகத்துக்கு முன்னால் தூக்கினான். எரிந்து தோலுரிந்த கை எதைத் தாங்கும்? அடி கைமேலேயும் விழுந்தது. அவன் சாய்ந்ததும் கிழவர் அவன் மார்பில் ஒரு முழங்காலை ஊன்றிக்கொண்டார். மூன்று, நான்கு, ஐந்து. ஒவ்வொரு அடிக்கும் ஒரு கத்தல்.

"கம்ப்யூட்டரே சொல்லிருச்சுடா! கம்ப்யூட்டரே சொல்லிருச்சு! இனிமே எங்கடா போவ, நாயே?"

வீடியோ எடுத்தவர் கடைசிவரை இறங்கவில்லை. அக்கம்பக்கத்துக் கார்களிலும் தலைகள் தெரிந்தன. எல்லாத் துடைப்பான்களும் ஆடிக்கொண்டிருந்தன. பாலில் சிவப்பு கலந்து வடிகால் பக்கம் போனது.

"ஒத்வார்," என்றான் ஹென்னிங். "அந்த வெல்டர். ஒரு கண்ணு போயிருச்சாம். அடிச்சவர் ரோல்வ். செத்துப்போன சீவெர்ட்டோட அப்பா."

"கம்ப்யூட்டர்னு அவர் கத்துறது..."

"ம். நம்மளத்தான்."

என்னைத்தான், என்று சிக்னே மனதுக்குள் திருத்திக்கொண்டாள்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி காலை எட்டே காலுக்கு ஸ்குர்வோக்கின் மீன் தீவன ஆலை வெடித்தது. மீன் மாவுத் தூசி பார்வைக்குச் சாதுவானது. காற்றில் எழும்பி நிற்கும்போது ஒரு பொறி பட்டால் போதும். அரைவைக் கூடத்தின் கடல் பக்கச் சுவர் முழுசாகப் பிடுங்கிக்கொண்டு போய்ப் படகுத்துறையில் விழுந்தது. உள்ளே இருந்த மூன்று பேர் செத்தார்கள். ஒருவரை அவர் காலணியை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். நான்காவது ஆள் ஒத்வார். ஒரு தாங்கியை வெல்டு செய்ய வந்தவன், வெடித்த நேரத்தில் வாசல் கதவருகில் இருந்தான். கதவோடு சேர்த்து அவனையும் வெளியே வீசியது. கைகள் மட்டும் வெந்துபோயின. மூன்று பிணங்கள், உயிரோடு ஒரு வெல்டர். ஊருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? "நான் இன்னும் பத்தவே வைக்கல" என்று அவன் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தீ எங்கே தொடங்கியது என்று போலீஸ் சிக்னேயின் ஆய்வு நிறுவனத்தைக் கேட்டது. இரண்டு இடங்கள்தான் சாத்தியம். ஒன்று, ஒத்வார் வேலை செய்ய வந்த அரைவைக் கூடம். மற்றொன்று, மாவை மேலே ஏற்றும் தூக்கி இருந்த கோபுரம். அதன் பேரிங் சூடேறிப் பற்றியிருக்கலாம். எல்லாமே எரிந்து கிடந்ததால் இடிபாட்டைப் பார்த்து எதுவும் சொல்ல முடியவில்லை. கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும்.

அந்தக் கணக்கைப் போடும் நிரல் சிக்னேயுடையது. முனைவர் பட்டத்துக்காக எழுதத் தொடங்கி, பதினைந்து வருஷமாகக் கூடவே வைத்து வளர்த்தது. அதற்கு ஓர் ஆலை என்பது லட்சக்கணக்கான சின்னப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்கும் தன் அழுத்தம், சூடு, தூசி எவ்வளவு என்று தெரியும். பக்கத்துப் பெட்டிகளுக்குச் சொல்லும். நேரம் அதற்குள் ஓடாது, அடி வைத்து அடி வைத்து நடக்கும். ஓர் அடிக்குள் எதுவும் ஒரு பெட்டியை முழுசாகத் தாண்டிப் போய்விடக் கூடாது. தாண்டினால் கணக்கு பைத்தியம் பிடித்துச் சிதறிவிடும். ஆகவே பெட்டி சிறுத்தால் அடியும் சிறுக்க வேண்டும். தீச்சுடரோ தோலைப் போல மெல்லியது. அதைப் பிடிக்க, சுடர் போகும் இடத்தில் மட்டும் பெட்டிகள் எட்டு எட்டாகப் பிளந்துகொள்ளும். அதுவும் போதாவிட்டால் இன்னும் எட்டு. சுடர் கடந்ததும் மறுபடி ஒன்றாகிவிடும். எங்கே பிளப்பது, எங்கே விடுவது என்று முடிவு செய்யும் பகுதிதான் அவள் பெயரை வெளியே கொண்டுபோனது.

கூடத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கோபுரத்திலிருந்து கூடத்துக்குப் போன ஒரு தூசிக் குழாயில்தான் சிக்கல். நாற்பது சென்டிமீட்டர் அகலம், பத்தொன்பது மீட்டர் நீளம், இரண்டு வளைவு. ஆலையின் வரைபடங்களில் அது இல்லை. இடிபாட்டை லேசர் வைத்து அளந்தபோதுதான் தெரியவந்தது. அதற்குள் பெட்டிகள் பிளக்க ஆரம்பித்ததும் நேரத்தின் அடி சுருங்கிச் சுருங்கி, ஒரு நொடியைக் கடக்க இரண்டு வாரம் ஆகும் என்று கணினி காட்டியது. அதுவும் மற்றவர்களோடு பங்கு போட்டுக்கொள்ளும் கணினி. போலீஸ் வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது சொல்லச் சொன்னது. சிக்னே புதன்கிழமை மதியம் ஒரு வரி எழுதினாள்: அரை மீட்டரைவிடக் குறுகிய குழாய்க்குள் பிளக்க வேண்டாம். சின்னக் குழாய்தானே என்று நினைத்தாள். அப்படி நினைத்தது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

குழாயின் அகலத்துக்கு இரண்டே பெட்டிகள். அவ்வளவு பெரிய பெட்டிக்குள் சுடர் சுடராக இருக்க முடியாமல் மந்தமாகப் பரவி, குழாய்ச் சுவருக்குச் சூட்டைக் கொடுத்து, மூன்றாவது மீட்டரில் அணைந்துபோனது. ஆகவே கோபுரத்துத் தீ கூடத்துக்கு வந்திருக்க முடியாது. கூடம் வெடித்திருக்கிறது, ஆகவே தீ கூடத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும். கூடத்தில் தீயைக் கையாளுகிறவன் ஒருவன்தான் இருந்தான். அறிக்கையின் ஒவ்வொரு பக்கத்திலும் 'தற்காலிகமானது' என்று அச்சிட்டிருந்தார்கள். அது எப்படியோ பத்திரிகைக்குப் போனபோது அந்த வார்த்தை மட்டும் கூடப் போகவில்லை. ஒத்வார் வேலை செய்ய வந்த இடத்திலிருந்து சிவப்பாக விரியும் வெடிப்பின் படத்தை அரைப் பக்கத்துக்குப் போட்டார்கள்.

அது வெளிவந்த வாரம் அவன் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தான்.

"நான் ஒத்வார் பேசறேன். அந்தப் படம் வரைஞ்சது நீங்கதானாம்மா?"

"படம் இல்லீங்க, அது ஒரு கணக்கு."

"சரி, கணக்கு. நான் பத்த வைக்கலம்மா. கையுறைய வண்டியில விட்டுட்டு வந்துட்டேன், அத எடுக்கத்தான் வாசலுக்குப் போனேன். வெறுங்கையோட எவனாவது வெல்டு பண்ணுவானா? உங்க கணக்குல என் கையுறை இருக்கா?"

"ஆட்களப் பத்தி எங்க கணக்கு ஒண்ணும் சொல்லாதுங்க."

"அப்படியா? ஊர்ல எல்லாருக்கும் அது என்னப் பத்தித்தான் சொல்லுது," என்று சொல்லி வைத்துவிட்டான். முறையான பதில்தான் சொன்னோம் என்று நினைத்துக்கொண்டு அவள் அன்று வீட்டுக்குப் போனாள்.

இப்போது வீடியோவைத் திரும்ப ஓடவிட்டாள். ஸ்பேனர் தூக்குகிற இடத்தில் நிறுத்தினாள். கட்டுப் போட்ட கைகள். வெல்டர்களின் கையுறை தடித்த தோலால் ஆனது. முழங்கை வரை வரும். அது போட்டிருந்தால் சட்டை எரிந்தாலும் கை எரியாது. அவனுக்குச் சட்டை தப்பிக் கை வெந்திருக்கிறது. வெறுங்கை. ரொட்டியைத் தொடாமல் எழுந்தாள்.

ஈஸ்டர் வாரம் வந்தது. அவள் வசிக்கும் பெர்கன் நகரமே மலைக் குடில்களுக்கு ஆரஞ்சுப் பழமும் பனிச்சறுக்குக் கட்டைகளுமாகக் கிளம்பிவிட்டது. அவள் கணவனும் மகளும் போனார்கள். "வேல இருக்கு" என்று அவள் தங்கிவிட்டாள். கணினி முழுவதும் அவள் ஒருத்திக்கே கிடைத்தது. அந்த ஒரு வரியை அழித்துவிட்டு, கோபுரத்தின் பேரிங்கில் தீ வைத்தாள். நடக்கவிட்டாள்.

நான்கு பகல் பார்த்துக்கொண்டிருந்தாள். குழாய் வாயில் சுடர் நுழைந்ததும் பெட்டிகள் பிளந்தன. நேரத்தின் அடி நூறில் ஒன்றானது, பிறகு ஆயிரத்தில் ஒன்றானது. திரையில் எண்கள் ஓடினாலும் நேரம் நகர்ந்ததாகவே தெரியவில்லை. மூன்றாவது மீட்டரில் சுடர் சாகவில்லை. மெலிந்தது, தள்ளாடியது, பிழைத்துக்கொண்டது. முதல் வளைவில் சுருண்டு தூசியைக் கிளப்பி அதையே தின்றது. அதற்குப் பிறகு அதைப் பிடிக்க முடியவில்லை. இரண்டாவது வளைவைத் தாண்டும்போது அதற்கு முன்னால் காற்றே சுவராக இறுகி ஓடியது. குழாயின் மறுவாயிலிருந்து கூடத்துக்குள் அது ஊதுலையின் நாக்கு போல எட்டு மீட்டர் நீண்டது. விட்டங்களின் மேல் வருஷக்கணக்காகப் படிந்திருந்த மாவு மொத்தமும் அந்த அதிர்ச்சியில் எழும்பிக் கூடத்தை நிரப்பியது. பிறகு அதுவும் பற்றியது.

பிணங்கள் கிடந்த இடங்களையும், கூட வேலை செய்தவர்கள் சொன்னதையும் வைத்து, அந்த மூவரும் நின்ற இடங்களில் மூன்று அளவுப் புள்ளிகளை அவள் முன்பே வைத்திருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு என்பது சீவெர்ட், இருபத்திரண்டு வயது. குழாய் வாயிலிருந்து இரண்டு மீட்டர். அந்தப் புள்ளியின் கோடு தட்டையாக வந்து, ஓரிடத்தில் செங்குத்தாக ஏறி, தாளை விட்டே வெளியே போனது. அந்த அழுத்தம் ஒரு மனித மார்பை என்ன செய்யும் என்பது அவள் மேசையிலிருந்த கையேட்டில் அட்டவணையாகவே இருந்தது. அவள் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை. அது அவளுக்கு மனப்பாடம்.

படகுத்துறைக் கேமராவில், கூடத்தின் சுவர் பிளப்பதற்கு ஐந்து ஃபிரேம்கள் முன்னால், கோபுரத்து உச்சி ஜன்னல் ஒரு கணம் வெளுக்கிறது. வெறும் பிரதிபலிப்பு என்று அவளே அறிக்கையில் எழுதியிருந்தாள். நொடிக்குப் பதினைந்து ஃபிரேம் எடுக்கும் கேமரா அது; ஐந்து என்றால் நொடியில் மூன்றில் ஒரு பங்கு. புதுக் கணக்கில் தீ கோபுரத்திலிருந்து கூடத்துக்கு வந்துசேர எடுத்துக்கொண்டதும் அதேதான்.

விடுமுறை முடிந்து ஹென்னிங் மூக்கு நுனி வெயிலில் வெந்து வந்தான். முழுசாகக் கேட்டான். இரண்டு முறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"பெட்டிய இன்னும் பாதியாக் குறுக்கிப் போட்டுப் பாத்தியா? அப்பவும் இதே பதில்தான் வருதா?"

"அதுக்கு ஒரு மாசம் ஆகும்."

"அப்ப ஒரு மாசம் கழிச்சுச் சொல்லுவோம். ஏற்கெனவே ஒரு தடவ அவசரப்பட்டாச்சு சிக்னே. அதையே மறுபடியும் பண்ணச் சொல்றியா?"

அவன் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"போன தடவ சரிபாக்காமக் குடுத்தப்ப, ஒரு மாசம் பொறுன்னு நீ சொல்லலியே? அந்தாளுக்கு எதிரா சொல்லணும்னா வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும். அவனுக்குச் சாதகமா சொல்லணும்னா மட்டும் மாசக் கணக்கு."

"கத்தாத."

"அவனுக்குக் கண்ணு போயிருச்சு ஹென்னிங்."

"தெரியும்," என்றான் அவன். "ராத்திரி எல்லாம் எனக்கு மட்டும் அந்த வீடியோ ஓடலியா?"

அவள் தன் மேசைக்குப் போய் எல்லாவற்றையும் போலீசுக்கு அனுப்பினாள். விசாரணை செய்த பெண் அதிகாரி உடனே கூப்பிட்டாள். அரசு வழக்கறிஞர் திங்கட்கிழமைதான் வருவார், அதற்குப் பிறகுதான் எதுவும் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ரோல்வ வெளிய விட்டிருக்கோம். ஒத்வார் பக்கத்துல போகக் கூடாதுன்னு தடை போட்டிருக்கு. ஆனா வர்ற வியாழக்கிழமை ஒத்வார ஆஸ்பத்திரியில இருந்து அனுப்பறாங்க. அன்னிக்கு மிச்சத்த முடிச்சிடறேன்னு கடத்தெருவுல நின்னு சொல்லிட்டிருக்காராம் கிழவர்," என்றாள்.

அன்று செவ்வாய். மறுநாள் காலை சிக்னே காரை எடுத்தாள்.

ரோல்வின் வீடு நீர்க்கரையில் இருந்தது. அவர் படகுக் கொட்டகைக்குள், கவிழ்த்துப் போட்ட படகின் அடிப்பாகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். வீடியோவில் பார்த்ததைவிடச் சின்ன உருவம். தோள் மட்டும் அகலம்.

"பத்திரிக்கைக்காரங்கன்னா வந்த வழியே போயிடுங்க."

"இல்லீங்க. அந்தக் கணக்கப் போட்டவ நான்தான். சிக்னே."

கிழவர் சுரண்டியைக் கீழே வைத்தார். கையைக் கால்சட்டையில் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

"நானே வந்து உன்னப் பாக்கணும்னு இருந்தேன் பொண்ணே. எல்லாரும் வாய மூடிக்கிட்டானுங்க. நீ ஒருத்திதான் சொன்ன. குளிருதா? காப்பி இருக்கு."

பிளாஸ்க் மூடியில் ஊற்றி நீட்டினார். அவள் அதை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"நான் சொன்னது தப்பு," என்றாள். "ஒத்வார் பத்த வைக்கல. தீ கோபுரத்துல ஆரம்பிச்சிருக்கு. என் கணக்குல நான் ஒரு இடத்த விட்டுட்டேன். அவசரத்துல விட்டுட்டேன்."

கிழவர் சிரித்தார். "அவன் வந்து உங்கிட்ட அழுதானா?"

"இல்லீங்க."

"ஒத்தக் கண்ண வச்சு அழுதிருப்பான். எனக்குத் தெரியும் அவன. முப்பது வருஷம் எனக்குக் கீழ வேல பாத்தவன்."

அவள் மடிக்கணினியைப் படகின் மேலேயே திறந்து வைத்தாள். வேறு வழி தெரியவில்லை. கோபுரம் சாம்பல் நிறத்தில், கூடம் சாம்பல் நிறத்தில், இரண்டுக்கும் நடுவே நரம்பு போல ஒரு சிவப்பு. அது நகர்ந்தது. கிழவர் முதலில் கைகட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு குனிந்தார்.

"இது என்ன குழாய்?"

"அது வரைபடத்துல இல்லீங்க. பின்னால யாரோ போட்டிருக்காங்க. தூசிய வெளியேத்தறதுக்காக இருக்கும். அது வழியாத்தான் தீ..."

"திருப்பிப் போடு."

திருப்பிப் போட்டாள். இரண்டாவது வளைவில் சிவப்பு வெளுத்து ஓடியது.

"சீவெர்ட்டு எங்க நின்னான்?"

அவள் விரலால் காட்டினாள்.

"அவனுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

பொய் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அவர் இவ்வளவு காலமும் பொய்யில்தான் இருந்தார். அதைக் கொடுத்தவளும் அவள்தான். "சத்தம் கேட்டிருக்கும். திரும்பிப் பாக்க நேரம் இருந்திருக்காது," என்றாள்.

அவர் கை எப்போது எழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. கழுத்தைப் பிடித்து அவளைக் கொட்டகைச் சுவரோடு அறைந்தார். பின்தலை பலகையில் மோதிக் கண்ணில் பொறி பறந்தது. பிளாஸ்க் மூடி எங்கோ விழுந்தது; காப்பி அவள் தொடையைச் சுட்டது. இரண்டு கட்டைவிரல்களும் தொண்டைக்குழியில் இறங்கின. அவருடைய முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அதில் கோபமே இல்லை, கனமான எதையோ தூக்கிக்கொண்டிருக்கும் மனிதனின் முகம். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள், நகத்தால் கீறினாள், காலால் உதைத்தாள். அசையவில்லை. கொட்டகையின் ஓரங்கள் கறுக்கத் தொடங்கின. சாகப் போகிறோம் என்பது அவளுக்கு மிகச் சாதாரணமாகத் தெரிந்தது.

திடீரென்று விட்டுவிட்டார். அவள் தரையில் சரிந்து, இருமி, எச்சில் ஒழுக மூச்சை இழுத்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் தொண்டைக்குள் எதுவோ கிழிந்தது. கிழவர் அவளைப் பார்க்கவே இல்லை. சுவரை இரண்டு கைகளாலும் ஓங்கி ஓங்கி அறைந்துகொண்டிருந்தார். பலகையில் நீட்டிக்கொண்டிருந்த ஆணி அவர் வலது உள்ளங்கையைக் கிழித்தது. அதன் மேலேயே மறுபடி மறுபடி அறைந்தார். பலகை சிவந்தது.

"நான் போட்டது," என்றார். "அந்தக் குழாய நான்தான் போட்டேன்."

அவள் தரையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப அங்க ஃபோர்மேன் நான்தான். கோபுரத்துல தூசி தாங்காமப் பசங்க எல்லாம் இருமிக்கிட்டுக் கிடந்தானுங்க. மேல எழுதிப் போட்டா ஆறு மாசம் ஆகும்னாங்க. ஒரு சனிக்கிழமை ரெண்டு பேருமா இழுத்துட்டோம், கூடத்துல இருக்குற பெரிய தூசி உறிஞ்சி வரைக்கும். நான் தூக்கிப் பிடிச்சேன், ஒத்வார் வெல்டு வச்சான். ஒரு இணைப்புக்கூட இன்னிக்கு வரைக்கும் விட்டுப்போகல. பாத்தியா? அவ்வளவு வெடிச்சும் உன் லேசருக்கு முழுசாக் கெடச்சிருக்கு. அவ்வளவு நல்ல வேல."

கடைசி வார்த்தையில் குரல் உடைந்து ஊளை மாதிரி ஏதோ வந்தது. அவள் எழுந்து உட்கார்ந்தாள். ஓடியிருக்க வேண்டும். வாசல் நான்கு அடியில் இருந்தது. இதை விட்டு ஓடினால் எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை.

பிறகு அவர் கேட்டார், "கார்ல வந்தியா?"

தலையாட்டினாள்.

"அவன் கிட்ட கூட்டிட்டுப் போ."

"உங்களுக்குத் தடை இருக்கு," என்றாள் சிக்னே. அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

"தடை அவன அடிக்கப் போறவனுக்கு."

"நீங்க எதுக்குப் போறீங்க?"

வீல் ஸ்பேனரைப் போலீஸ் எடுத்துப்போயிருந்தது. சட்டைப்பையிலும் இடுப்பிலும் ஏதாவது இருக்கிறதா என்று அவள் வெளிப்படையாகவே பார்த்தாள். அவர் அதைப் புரிந்துகொண்டு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். வலது உள்ளங்கையிலிருந்து ரத்தம் சொட்டியது. கையில் எதுவும் இல்லாவிட்டாலும் அந்தக் கைகள் இருந்தன. சற்று முன்புதான் அவள் அவற்றைத் தெரிந்துகொண்டிருந்தாள். உண்மையைச் சொல்லத்தான் போகிறாரா, குழாயை வெல்டு வைத்தவன் என்று புதிதாக ஒரு காரணம் கிடைத்து, கடைத்தெருவில் சொன்னபடி மிச்சத்தை முடிக்கப் போகிறாரா? அவருக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

காரில் ஏறும் முன் போலீஸ் அதிகாரிக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாள்: ரோல்வ் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறார். அவர் பார்க்கும்படியாகவே அனுப்பினாள்.

"அனுப்பு, அனுப்பு," என்றார் கிழவர். "வந்து பிடிச்சிட்டுப் போகட்டும். அதுக்கு முன்னால நான் சொல்லிடணும்."

ஆஸ்பத்திரி அக்கரையில்; கார்களை ஏற்றிப்போகும் படகுக்கான வரிசை நீளமாக இல்லை. அவள் கார் முதல் வரிசையில் ஏறியது. கதவுகள் மூடி, தளம் அதிரத் தொடங்கியதும் கிழவர் இறங்கிப் படகின் முன்பக்கச் சங்கிலி வரை நடந்தார். அவளும் இறங்கினாள். குதித்துவிடுவாரோ என்று இரண்டடி பின்னாலேயே நின்றாள். காற்றில் கழுத்து எரிந்தது. பின்னால் கார்களுக்குள் இருந்தவர்களில் சிலர் ஸ்குர்வோக்காரர்கள். ஒருத்தி கண்ணாடியை இறக்கி, சிக்னேயின் கழுத்தைப் பார்த்தாள், கிழவரின் கையைப் பார்த்தாள், மறுபடி ஏற்றிக்கொண்டாள். அக்கரையில் குன்றின் மேல் ஆஸ்பத்திரியின் வெள்ளைக் கட்டடம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"ஒத்வார் சின்ன வயசுல இருந்தே கையுறைய எங்கயாவது விட்டுட்டு வந்திடுவான்," என்றார் ரோல்வ், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு. "எத்தன தடவ திட்டியிருக்கேன்."

படகிலிருந்து கார்கள் இறங்கும் பாலம் தாழ்ந்து கரையில் முட்டியது. சங்கிலி விலகியதும் அவர் காருக்குத் திரும்பவில்லை. அப்படியே நடந்து இறங்கினார். சிக்னே ஓடிப்போய் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். துறைமுகப் பணியாள் கையை வீசி ஓரமாகப் போகச் சொன்னான்; அவர் போகவில்லை. ஒற்றைப் பாதை, நேராக மேலே ஏறும் பாதை, அதன் நட்ட நடுவே, வலது கையை உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கித் தொங்கவிட்டபடி, அவசரமில்லாமல் ஏறினார். அவள் முதல் கியரில் பின்னால் உருண்டாள். அவளுக்குப் பின்னால் ரொட்டி வண்டி, அதற்குப் பின்னால் ஸ்குர்வோக்கின் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படகிலிருந்து வெளியே வந்து, அந்த நடையின் வேகத்துக்கே குன்றில் ஏறின. யாரும் ஹார்ன் அடிக்கவில்லை.